சோதனை விமானியின் வேலை தரையிறங்கியதும் முடிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளிக்கு நம் வீரர்களை அனுப்பும் ககன்யான் திட்டம் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். ஊர் வள்ளியூர். மகேந்திரகிரி எங்களுக்குக் கண்ணெதிரே நிற்கும் மலை. அதன் அடிவாரத்தில் இருக்கும் இஸ்ரோ மையத்தில்தான், நம் வீரர்களை ஏற்றிச் செல்லப்போகும் ராக்கெட்டின் விகாஸ் என்ஜினையும் கிரையோஜெனிக் என்ஜினையும் மனிதரை ஏற்றும் தகுதி உண்டா என்று மறுபடி மறுபடி எரியவிட்டுப் பார்த்தார்கள். ஆகவே எங்கள் பக்கத்துக்கு ககன்யான் கிட்டத்தட்ட ஊர்ச் செய்தி.

சமீபத்தில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், 2022-க்குள் நடக்கும் என்று 2018 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட பயணம் எப்படியெல்லாம் தள்ளிப்போயிற்று என்று ஆண்டுவாரியாகக் கட்டம் கட்டிக் காட்டியிருந்தீர்கள். கணக்கில் பிழை இல்லை. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா என்று நால்வரின் படமும் இருந்தது. அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்பதையும் மறக்காமல் சேர்த்திருந்தீர்கள். நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள் என்று ஒரே ஒரு வரி. அந்த வரியையும் பக்கத்தில் இருந்த தாமதக் கட்டத்தையும் சேர்த்து வைத்து யாராவது யோசித்திருந்தால் கட்டுரையே வேறு மாதிரி வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

சோதனை விமானி என்றால் உயிரைத் துச்சமாக நினைத்துப் பறக்கிறவர் என்று பொதுவாக நினைக்கிறோம். துணிச்சல் இல்லாமல் அந்த வேலைக்குப் போக முடியாதுதான். ஆனால் அன்றாடம் அவர் செய்வது என்ன? புதிதாக வந்த விமானத்தை, அல்லது பழைய விமானத்தில் புதிதாக மாட்டிய கருவியை, முன்கூட்டியே எழுதி வைத்த திட்டப்படி இன்ன உயரத்தில் இன்ன வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த இடத்தில் இறக்கை விமானத்தைத் தாங்க மறுக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். வேண்டுமென்றே சுழலவிட்டு, மீட்டெடுக்க எத்தனை சுற்று ஆகிறது என்று பார்க்கிறார். விமானம் கைக்கு அடங்குகிறதா என்பதற்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறார். 1 என்றால் குறையே இல்லை, 10 என்றால் கட்டுக்குள் நிற்காது. அப்புறம் கீழே இறங்கி, உட்கார்ந்து எழுதுகிறார். எங்கே என்ன கோளாறு, எதைத் திருத்தியே ஆகவேண்டும், எதைத் திருத்தும்வரை இதைப் படைக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பின்னால் ஓர் இளம் விமானி அதில் ஏறி உட்காருகிறான். இதற்கென்றே நம் விமானப்படை பெங்களூரில் ஒரு பள்ளி நடத்துகிறது. அதில் படித்து வருவது என்பது பாதி பறத்தல், பாதி எழுத்து.

இந்த எழுத்து வேலையைக் கடைசிவரை விடாமல் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் ஜான் யங். 1972-ல் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, நிலவில் தேசியக்கொடிக்கு முன்னால் அந்தரத்தில் குதித்தபடி சல்யூட் அடிக்கும் அவர் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி நோட்டில் ஒட்டி வைத்தேன். அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அன்றிலிருந்து படித்து வருகிறேன். தமிழில் மிகக் குறைவாகத்தான் வந்திருக்கிறது. வந்த கொஞ்சமும், 1965-ல் அவர் விண்கலத்துக்குள் ஒரு சாண்ட்விச்சை ஒளித்து எடுத்துப் போனார், நாடாளுமன்றம் வரை பேச்சாயிற்று என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த மனிதருக்கு இது நியாயம் இல்லை.

யங் 1930-ல் பிறந்தவர். ஃபுளோரிடாவில் வளர்ந்தார். ஜார்ஜியா டெக் கல்லூரியில் விமானப் பொறியியல் படித்து 1952-ல் கடற்படையில் சேர்ந்தார். கொரியப் போர்க்காலத்தில் ஒரு போர்க்கப்பலில் பீரங்கிகளின் குறியைக் கவனிக்கும் அதிகாரி வேலை. பிறகுதான் விமானப் பயிற்சி, விமானந்தாங்கிக் கப்பல்களில் போர் விமானம் ஓட்டியது எல்லாம். 1959-ல் மேரிலாந்தில் உள்ள பட்டக்ஸன்ட் ரிவர் சோதனை விமானிப் பள்ளிக்குப் போனார். அடுத்த மூன்று வருடம் க்ரூசேடர், ஃபேன்டம் விமானங்களின் ஆயுத அமைப்புகளைச் சோதித்து அறிக்கை எழுதினார். 1962-ல் ஃபேன்டம் விமானத்தைத் தரையிலிருந்து 3,000 மீட்டர் உயரத்துக்கு 35 விநாடிக்குள்ளும், 25,000 மீட்டர் உயரத்துக்கு 4 நிமிடத்துக்குள்ளும் ஏற்றி உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நாசா தேர்ந்தெடுத்த ஒன்பது பேரில் ஒருவரானார். நீல் ஆம்ஸ்ட்ராங்கும் அந்த ஒன்பதில் ஒருவர்.

1965 மார்ச் 23 அன்று கஸ் கிரிஸமும் யங்கும் ஜெமினி 3 கலத்தில் பூமியை மூன்று முறை சுற்றினார்கள். மனிதர் ஓட்டிய கலம் ஒன்று தன் சுற்றுப்பாதையைத் தானே மாற்றிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை. இறங்கும்போது குறித்த இடத்துக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல் முன்னாலேயே கடலில் விழுந்தார்கள். காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது கலத்துக்கு எவ்வளவு தூக்குவிசை கிடைக்கும் என்று கணக்கிட்டார்களோ, அவ்வளவு நிஜத்தில் கிடைக்கவில்லை. காகிதத்தில் இருந்த எண் தவறு என்று தெரிந்துகொள்ள இரண்டு மனிதர்கள் அதில் ஏறிப் போய்வர வேண்டியிருந்தது. சோதனைப் பறத்தல் என்றால் இதுதான்.

அந்தக் கிரிஸம் 1967 ஜனவரி 27 அன்று, ஏவுதளத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பல்லோ 1 கலத்துக்குள் தீப்பிடித்து, எட் ஒயிட், ரோஜர் சாஃபி ஆகிய இருவரோடு இறந்துபோனார். அதற்கு முன்பே அந்தக் கலத்தின் மின்கம்பிகள் பதிக்கப்பட்ட லட்சணம் கிரிஸம், யங் இருவருக்கும் தெரியும். ஏன் நீங்கள் இதைச் சொல்லக் கூடாது என்று யங் கேட்டிருக்கிறார். சொன்னால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றாராம் கிரிஸம். பல வருடம் கழித்து யங்கே இதைச் சொன்னார். யங்கின் பிற்கால வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேச்சுத்தான் நினைவுக்கு வரும். நாசா தேர்ந்தெடுத்த முதல் ஏழு விண்வெளி வீரர்களில் ஒருவர் கிரிஸம். அவருக்கே அந்த அச்சம் இருந்திருக்கிறது.

ஜெமினி 10, அப்பல்லோ 10 இரண்டையும் விரித்து எழுத இடமில்லை. 1969 மே மாதம் அப்பல்லோ 10-ல், தோழர்கள் இருவர் நிலவுக்கலத்தில் கீழே இறங்கிப் பார்த்துக்கொண்டிருக்க, தன்னந்தனியாக நிலவைச் சுற்றிய முதல் மனிதர் யங் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அப்பல்லோ 16-க்கு அவர்தான் தலைவர். 1972 ஏப்ரல் 20 அன்று யங்கும் சார்லி டியூக்கும் நிலவுக்கலத்தில் ஏறிப் பிரிந்துவிட்டார்கள். இறங்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது மேலே தாய்க்கலத்தில் இருந்த கென் மேட்டிங்லி, பெரிய என்ஜினைத் திருப்பும் மாற்று அமைப்பைச் சோதித்தபோது அது ஆட்டம் கொடுக்கிறது என்றார். மூவரும் வீடு திரும்ப வேண்டிய என்ஜின் அது. முதன்மை அமைப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாற்று அமைப்பும் வேலை செய்தால்தான் இறங்கலாம் என்பது விதி. சுமார் ஆறு மணி நேரம் இரு கலங்களும் நிலவைச் சுற்றிச் சுற்றி வந்தன. பூமியில் பொறியாளர்கள் அதேபோன்ற கருவிகளை ஆட்டிப் பார்த்து, இந்த ஆட்டத்தால் ஆபத்து இல்லை, தேவைப்பட்டால் அதைப் பயன்படுத்தலாம் என்று கணக்குக் கொடுத்த பிறகுதான் இறங்க அனுமதி வந்தது. நிலவுக்கு மேலே, சன்னலுக்கு வெளியே இறங்கவேண்டிய இடம் தெரிய, ஆறு மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். அன்றைக்கு அங்கே யாரும் அதைத் தோல்வியாக நினைக்கவில்லை. இறங்கிய பிறகு ஏறக்குறைய 71 மணி நேரம் தங்கி, 20 மணி நேரத்துக்கு மேல் வெளியே நடந்தும் வண்டி ஓட்டியும் 95 கிலோவுக்கு மேல் கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அவர்கள் இறங்கிய டெஸ்கார்ட்ஸ் மேட்டுநிலம் எரிமலைக் குழம்பால் ஆனது என்று விஞ்ஞானிகள் எண்ணியிருந்தார்கள். இவர்கள் பொறுக்கி வந்த கற்களோ, விண்கற்கள் மோதி நொறுங்கி மறுபடி ஒட்டிக்கொண்டவை.

இவ்வளவோடு ஓய்ந்திருந்தாலே பெயர் நிலைத்திருக்கும். 1974-ல் விண்வெளி வீரர்கள் அனைவருக்கும் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1981 ஏப்ரல் 12 அன்று, விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) முதல் பயணத்துக்கு, கொலம்பியா என்ற ஓடத்தில் ராபர்ட் கிரிப்பனோடு அவர்தான் ஏறினார். அதற்கு முந்தைய அமெரிக்க ராக்கெட்டுகளையெல்லாம் ஆளில்லாமல் அனுப்பிப் பார்த்த பிறகே ஆளை ஏற்றினார்கள். ஓடம் மட்டும் முதல் தடவையே ஆளோடு மேலே போனது. அந்த முதல் பயணத்தையே சுற்றுப்பாதைக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பி வந்து ஏவுதளத்துக்கே இறங்கும் ஒத்திகையாக நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்தபோது, கூடாது என்று மறுத்தவர் யங். அந்தத் திருப்பம் எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்குத் தெரியும். துணிச்சல்காரர் என்று உலகமே சொல்லும் ஒருவர் 'இது வேண்டாத ஆபத்து' என்று மறுத்ததும் அவருடைய சாதனைகளில் ஒன்று.

அந்தப் பயணத்தில் திட எரிபொருள் ராக்கெட்டுகள் பற்றிக்கொண்ட கணத்தில் எழுந்த அழுத்த அலை, கணக்கிட்டதைவிட மிக அதிகம். அது திரும்பி மோதி, ஓடத்தின் வாலடியில் இருக்கும் பெரிய மடலைத் தாங்கும் எல்லைக்கு மேல் தள்ளிவிட்டது. இறங்கும்போது ஓடத்தைச் சமநிலையில் வைக்க அந்த மடல் வேண்டும். மேலே போகும்போது அவர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால், பாதுகாப்பான உயரத்தில் இருக்கையோடு வெளியே பாய்ந்திருப்பேன் என்று யங் பின்னர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். வெப்பம் தாங்கும் ஓடுகளில் 16 கழன்று போயிருந்தன, 148 சேதமடைந்திருந்தன. அடுத்த பயணத்துக்குள் ஏவுதளத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அந்த அழுத்த அலையை அடக்கும் ஏற்பாடு வந்தது. யங்கும் கிரிப்பனும் பத்திரமாகத் திரும்பியதே போதும் என்று விட்டுவிடாமல், திரும்பி வந்த ஓடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்ததால் வந்த திருத்தம் அது.

1983-ல் மறுபடி கொலம்பியா. இறங்கும் நாளன்று, கலத்தைத் திருப்பும் சிறு ராக்கெட்டுகளை இயக்கியதும் ஐந்து கணினிகளில் ஒன்று செத்தது. சில நிமிடத்தில் இன்னொன்று. யங் அவசரப்படவில்லை. இறங்குவதை எட்டு மணி நேரம் போலத் தள்ளிப்போட்டு, தரையோடு பேசி ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே இறங்கினார். பிறகு பிரித்துப் பார்த்தபோது, பற்றவைப்பு ஈயத்துணுக்கு ஒன்று கழன்று கணினிப் பலகையில் மின்கசிவு ஏற்படுத்தியது தெரிந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தொழில் அப்படி.

நான் பாய்லர் குழாய்களின் வெல்டிங் இணைப்புகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தவன். இணைப்பை எக்ஸ்ரே எடுத்து, பிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்து, சரி அல்லது ரிப்பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒரு மாதக் கடைசியில், சரக்கு லாரியில் ஏறவேண்டிய நாளில், ஓர் இணைப்பின் அடிவேரில் உலோகம் முழுதாக உருகிச் சேராத மெல்லிய கோடு பிலிமில் தெரிந்தது. மயிரிழைதான். ஆனால் உள்ளே ஓடப்போவது உயர் அழுத்த நீராவி. மேலே இருந்தவர் வந்து பக்குவமாகப் பேசினார், பிறகு குரலை உயர்த்தினார். நான் கையெழுத்துப் போடவில்லை. இணைப்பை அறுத்து மறுபடி வெல்டிங் செய்துதான் அனுப்பினார்கள். சில நாளில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அது எந்தக் கம்பெனி என்பது இப்போது வேண்டாம். எல்லா இடத்திலும் இது நடக்கும், நாசாவிலும் நடந்தது.

1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் என்ற இன்னொரு ஓடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். திட ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையம், அன்றைய கடுங்குளிரில் விறைத்து, வாயுவை அடைக்கத் தவறியது காரணம். அந்த வளையங்கள் முந்தைய பயணங்களிலேயே அரிக்கப்பட்டு வந்தது பொறியாளர்களுக்குத் தெரியும். வீரர்களின் தலைவரான யங்குக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த மார்ச் மாதம் அவர் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்புக் கடிதம் எழுதினார். வளையத்தோடு நிற்கவில்லை. ஓடத்தில் இன்னும் என்னென்ன இடங்களில் உயிராபத்து இருக்கிறது என்று வரிசையாகப் பட்டியல் போட்டார். இவ்வளவு ஆபத்தான ஒன்றைப் பறக்கவிட்டதற்கு ஒரே காரணம், குறித்த தேதியில் ஏவியாக வேண்டும் என்ற நெருக்கடி என்று நேராகவே எழுதினார். கடிதம் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. ஏப்ரலில் விசாரணைக் குழுவின் முன்னாலும் போய்ச் சொன்னார்.

1987-ல் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து மாற்றி, ஹூஸ்டன் மையத்தின் இயக்குநருக்குப் பொறியியல், பாதுகாப்பு விஷயங்களில் ஆலோசனை சொல்லும் இடத்தில் உட்கார வைத்தார்கள். பேசியதற்குக் கிடைத்த கூலி என்று அப்போதே பலர் நினைத்தார்கள். ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டுபோகும் பயணத்துக்கு அவர் பெயர் இருந்தது. ஆனால் 1983-க்குப் பிறகு அவர் விண்வெளிக்குப் போகவே இல்லை. ஆறு முறை போனவர், நிலவில் நடந்தவர், ஓடத்தை முதலில் ஓட்டியவர். கோபித்துக்கொண்டு வெளியேறி, தனியார் கம்பெனி எதிலாவது பெரிய பதவியில் அமர்ந்திருக்கலாம். அவர் போகவில்லை. கிடைத்த மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். இந்தக் குழாயைப் பாருங்கள், அந்தக் கணினி நிரலைப் பாருங்கள், இந்தத் தரையிறங்கும் வேகம் டயருக்கு ஆகாது என்று குறிப்புக்கு மேல் குறிப்பு. படித்தவர்களில் சிலர் சலித்துக்கொண்டிருப்பார்கள். 2004 டிசம்பர் கடைசி நாள் அவர் ஓய்வு பெற்றார், நாசாவில் 42 ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரி 1 அன்று, அவர் முதன்முதலாக ஓட்டிய அதே கொலம்பியா, நம் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு வானத்திலேயே சிதறியது. ஏவும்போது எரிபொருள் தொட்டியின் நுரைப்பூச்சு பெயர்ந்து இடது இறக்கையில் அடித்திருந்தது. நுரை பெயர்வது அதற்கு முன்பும் பலமுறை நடந்ததுதான். ஒன்றும் ஆகவில்லையே என்று பழகிப்போயிருந்தார்கள். யங் 2018 ஜனவரி 5 அன்று, 87-வது வயதில் காலமானார்.

ஆசிரியர் அவர்களே, யங்கின் கதையில் பதவி போனதும் தள்ளிப்போட்டதும் தள்ளிப்போடாததும் எல்லாம் ஒரே இழையில் வருகின்றன. ஆறு மணி நேரம் காத்திருந்த பயணம் பத்திரமாகத் திரும்பியது. எட்டு மணி நேரம் தள்ளி இறங்கிய பயணமும் திரும்பியது. குளிரில் ஏவ வேண்டாம் என்று முந்தைய இரவு பொறியாளர்கள் சொல்லியும் ஏவிய பயணம் திரும்பவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு நம்மூர்ச் செய்திகளைப் பாருங்கள்.

2023 அக்டோபர் 21 காலை. ககன்யான் வீரர்கள் ஆபத்தில் தப்பிக்கும் அமைப்பை ஸ்ரீஹரிகோட்டாவில் சோதித்தார்கள். புறப்பட 5 விநாடி இருக்கும்போது கணினி தானாகவே நிறுத்திவிட்டது. நாங்கள் வீட்டில் எல்லாரும் டிவி முன்னால்தான் இருந்தோம். பேரப்பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கொடுத்த இடத்தில் அது சரியாக நிறுத்தியிருக்கிறது என்று நான் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். காரணத்தைக் கண்டுபிடித்து, 10 மணிக்கு ஏவினார்கள். கலம் ராக்கெட்டிலிருந்து பிரிந்து, பாராசூட் விரிந்து, வங்கக் கடலில் இறங்கியது.

2025-ல் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன பயணமும் அப்படித்தான். ஜூன் 11 என்று குறித்திருந்தார்கள். அவரை ஏற்றிச் செல்லும் அமெரிக்க ஃபால்கன் 9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்ததும் நிறுத்திவைத்தார்கள். கசிவின் காரணம் தெரிந்து முழுதாகச் சரிசெய்யாமல் ஏவக் கூடாது என்று அங்கிருந்த நம் இஸ்ரோ குழு பிடிவாதமாக நின்றது, பிறகு பார்த்தால் ஆக்சிஜன் குழாயில் விரிசல் இருந்தது என்று இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். நாராயணன் எங்கள் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், வாழ்நாளெல்லாம் கிரையோஜெனிக் என்ஜின்களோடு இருந்தவர். அவருக்கு விரிசல் என்றால் என்ன என்று தெரியும். ஜூன் 25 அன்று சுக்லா புறப்பட்டார், ஜூலை 15 அன்று திரும்பினார். திரும்பிய நாளில் எல்லாப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் அவர் படத்தைப் போட்டன. அது நியாயமே. நின்று விரிசலைக் கண்டுபிடிக்க வைத்தவர்களைப் பற்றி அந்த நாளில் நான் பார்த்தவரை எங்கேயும் இல்லை.

நான் கேட்பது இதுதான். அடுத்த முறை ககன்யான் தேதி மாறும்போது, எத்தனையாவது முறை என்று எண்ணிக் கட்டம் கட்டுவதோடு நிற்காமல், உங்கள் நிருபர் ஒருவர் திருவனந்தபுரத்துக்கோ பெங்களூருக்கோ மகேந்திரகிரிக்கோ போய், எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது, அதை யார் கண்டுபிடித்தார், திருத்த என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதட்டும். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்றே எழுதுங்கள். அதுவும் மக்களுக்குத் தெரியவேண்டிய செய்தி. காரணமில்லாத தாமதமும் உண்டு, சோம்பலால் வரும் தாமதமும் உண்டு. கேள்வி கேட்டால்தானே எது எது என்று தெரியும். தேதியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், தேதி மட்டும்தான் அங்கே உள்ளவர்களின் தலைமேல் கனக்கும். 1986-ல் நாசாவின் தலைமேல் கனத்தது அதுதான், அதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு ஒத்திவைப்பையும் அங்கே கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. அந்த நான்கு சோதனை விமானிகள் என்ன விமானங்களைச் சோதித்தார்கள், எப்படி எழுதினார்கள், என்ன குறை சொன்னார்கள் என்று ஞாயிறு மலரில் ஒரு முழுப் பக்கம் போடுங்கள். அவர்களிடம் பேச அனுமதி கிடைக்காவிட்டால், அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்ற சோதனை விமானிகளும் சோதனைப் பொறியாளர்களும் பெங்களூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்களும் இருப்பார்கள். விமானி ஆகவேண்டும் என்று சொல்லும் பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பள்ளிகளில் இப்போது உண்டு, பெண்பிள்ளைகள் கூடவே உண்டு. கணக்கும் இயற்பியலும் படித்தால் போதும் என்று அவர்களுக்குச் சொல்கிறோம். பார்த்ததைத் தெளிவாக எழுதத் தெரியவேண்டும், மேலே இருப்பவருக்குப் பிடிக்காததையும் எழுதத் தெரியவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதவில்லை என்றால் பாய்லர் பற்றி எழுதியதைத் தாராளமாக எடுத்துவிடுங்கள். 1986 மார்ச்சில் யங் எழுதிய குறிப்பைப் பற்றிய பகுதியை மட்டும் குறைக்காமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வெல்டிங் பரிசோதகர்,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.